மாமியார் என்று ஓர் அறை

அலுவலகத்தில் அவளுக்கு வடிகட்டி என்று பெயர். வைத்தவன் படக்காரன். விற்பனைக்கு வரும் சாமான்களை வெள்ளைத் துணிக்கு முன்னால் நிறுத்தி நாள் முழுக்கப் படம் பிடிக்கிறவனுக்கு வாய் சும்மா இருக்குமா? அவள் வாயைத் திறந்தால் ஃபில்டர் ஃபில்டர் என்கிறாளே என்று இந்தப் பெயரைச் சூட்டிவிட்டான். முதலில் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வீட்டுச் சாமான்கள் விற்கும் ஆன்லைன் கடை அது. கீழே கிடங்கு. மேலே நாலைந்து மேசை போட்ட ஓர் அறை, அதற்குப் பெயர் அலுவலகம். கிடங்கில் வந்து இறங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் டேக் போடுவது அவள் வேலை. என்ன நிறம், என்ன அளவு, எதில் செய்தது, எந்த அறையில் வைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல். வாங்க வருகிறவர் போனைத் திறந்து, ஓரத்தில் இருக்கும் ஃபில்டர் கட்டங்களில் 'நீலம்' என்றும் 'குளியலறை' என்றும் தொட்டால், குளியலறைக்கான நீலச் சாமான் கடையில் எத்தனை உண்டோ அத்தனையும் வந்து வரிசையில் நிற்க வேண்டும். ஒரு வாளி குறைந்தாலும் அவளுக்கு அன்றைக்குத் தலைவலி வந்துவிடும்.

அவள் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் அந்தக் கடை இருந்த லட்சணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். யார் யாரோ வந்து, அவரவர் வாய்க்கு வந்ததை டேக் என்று போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவருக்குச் சமையலறை, ஒருவருக்குக் கிச்சன், இன்னொருவருக்குச் சமையல்கட்டு. 'சமையலறை' என்று தொட்ட வாடிக்கையாளருக்குச் சில கரண்டிகள் மட்டும் தெரியும். மற்ற கரண்டிகளெல்லாம் கிடங்கில் தூசி தின்றுகொண்டு கிடந்தன. ஒரு நாற்காலிக்கு யாரோ 'சூப்பர்' என்று டேக் போட்டிருந்தார்கள். உட்காரத் தேடுகிறவர்கள் சூப்பர் என்றா தேடுவார்கள்?

எல்லாவற்றையும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரி பண்ணினாள். ஒரு விஷயத்துக்கு ஒரு சொல், கடை முழுக்க அதே சொல். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இலைப்பச்சை எல்லாம் போய்ப் பச்சை மட்டும் நின்றது. படக்காரனுக்குத்தான் மனசு ஆறவில்லை.

"கிளிப்பச்சையை மட்டுமாவது விட்டு வைங்க. படத்துல எவ்வளவு அழகா விழுது தெரியுமா?"

"கிளிங்க வந்து வாங்கும்போது விட்டு வைக்கலாம். இப்போ மனுஷங்கதான் வாங்கறாங்க."

இன்னொரு சட்டமும் அவள் கொண்டுவந்தாள். எந்தப் பொருளானாலும் அதற்கு ஓர் அறை இருந்தே ஆக வேண்டும். அறை என்ற கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் அந்தப் பொருளைச் சேர்த்துக்கொள்ளாது, சிவப்புக் கோடு போட்டு நிறுத்திவிடும். முதலாளியிடம் மல்லுக்கு நின்று இந்தச் சட்டத்தைப் போட வைத்தவள் அவள்தான். பின்னால் அதில் கால் தடுக்கி விழுந்தவளும் அவள்தான்.

வீட்டிலும் அதே கதைதான். மூன்றாவது மாடியில் ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஒரு சமையலறை. புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அவன் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்ட் மட்டும் எப்போதும் ஓடாது. மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அந்தச் சின்ன வீட்டில் கண்ணைக் கட்டிவிட்டாலும் கத்தரிக்கோலை எடுத்துவிடுவேன் என்று வடிகட்டி சவால் விடுவாள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், எடுத்தால் அதே இடத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

"எனக்கு என்ன டேக் போட்டு வெச்சிருக்க?" என்று புருஷன் கேட்பான்.

"படுக்கையறை. அளவு பெரிசு. நிறம் மங்கல். சத்தம் உண்டு."

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வீட்டில்தான் மாமியார் வந்து சேர்ந்தார். மாமனார் காலமான பிறகு, அவர்கள் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இரண்டு பெட்டிகளோடு வந்தார். ஒரு பெரிய மருத்துவமனையில் வார்டு உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குரல் தணிந்தே இருக்கும், நடையில் சத்தமே கேட்காது. நோயாளிகள் தூங்கும் இடத்தில் காலமெல்லாம் நடந்து பழகியவர். வந்த அன்றே செருப்பைக்கூட ஓரமாகத் தள்ளி வைக்காமல் ஒரு வார்த்தை சொன்னார்.

"ஒத்து வரலைன்னா தயங்காம சொல்லிடுங்க. நான் என் தம்பி வீட்டுக்குப் போயிடறேன்."

தம்பி வீட்டு லட்சணம் எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டுப் படியேறினால் குடிக்கத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னாலேயே எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்பார்கள். "என்னம்மா பேச்சு இது?" என்று மகன் அதட்டினான். மருமகளும் "அதெல்லாம் ஒண்ணும் வேணாம் அத்தை" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். ஆனால் சொல்லும்போதே, கட்டிலை எங்கே போடுவது என்று கண் வீட்டை அளந்துகொண்டிருந்தது.

கட்டில் ஹாலில் ஜன்னலோரம் போனது. அதற்கு வழிவிட சோபா படுக்கையறைக்குள் போனது. சோபா வந்ததில் பீரோவின் ஒரு கதவு திறக்காமல் போயிற்று. மகள் படிக்கும் மேசை சமையலறைக்குள் நுழைந்தது. கணக்குப் பாடம் வெங்காயத் தோலோடு நடந்தது. மாமியாரின் பெட்டிகள் இரண்டும் கட்டிலுக்கு அடியில் இருந்தன. அவர் அவற்றைக் காலி பண்ணவே இல்லை. வேண்டியதை எடுப்பார், மூடுவார், உள்ளே தள்ளுவார். நாளைக்குக் காலையில் வண்டி பிடிக்கிறவர் மாதிரி இது என்ன பழக்கம் என்று அவளுக்கு எரிச்சலாக வரும். அந்தப் பெட்டிகளைக் காலி பண்ணி வைக்க வீட்டில் ஓர் அலமாரித் தட்டாவது ஒதுக்கிக் கொடுத்தோமா என்று அவள் யோசிக்கவில்லை.

மாமியார் குறை சொல்கிறவர் அல்ல, குத்திப் பேசுகிறவரும் அல்ல. அதுதான் வம்பு. சண்டை போட ஒரு பிடி கிடைத்தால்தானே! உதவி செய்கிறேன் என்று பாத்திரம் கழுவுவார். கழுவிய கரண்டியைத் தனக்குத் தோன்றிய இடத்தில் வைப்பார். உப்பு ஜாடி ஒரு நாள் மேல் தட்டில் இருக்கும், ஒரு நாள் கீழ்த் தட்டில் இருக்கும். கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஒரு நாள் காலையில் கத்தரிக்கோலைக் காணோம். மகளின் ப்ராஜெக்டுக்கு அட்டை வெட்ட வேண்டும். அது தொங்கும் ஆணி காலியாக இருந்தது. எல்லா இழுப்பறையையும் இழுத்துப் போட்டாள். மாமியார் பால் வாங்கக் கீழே போயிருந்தார், கேட்கவும் ஆளில்லை. கடைசியில் அட்டையைக் கையால் கிழித்து, மகள் அழுது, பஸ் போய், அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தபோது எள்ளும் கொள்ளும் முகத்தில் வெடித்தது. மேசைமேல் அன்றைய முதல் பொருள் காத்திருந்தது. ஒரு முக்காலி. விரித்தால் ஏணி ஆகும். மூடியைத் திறந்தால் பெட்டி.

இதை எந்த அறையில் வைப்பது? சமையலறை என்றால் படுக்கையறைக்காரர் தேடினால் கிடைக்காது. படுக்கையறை என்றால் அது ஏணி. கட்டத்தைக் காலியாக விட்டால் சிவப்புக் கோடு. எங்கேயும் அடங்கமாட்டேன் என்கிறதே, ஆனால் எங்கேயாவது வைத்தாக வேண்டியிருக்கிறதே என்று பல்லைக் கடித்தவள், அறை என்ற கட்டத்தில் 'மாமியார்' என்று தட்டினாள்.

கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. 'கடையில் காட்டு' என்ற இடத்தில் அவள் டிக் போடவில்லை, அதனால் வெளியே யாருக்கும் தெரியாது. பிறகு நிதானமாக யோசித்து மாற்றிக்கொள்ளலாம். மனசுக்கு ஓர் ஏப்பம் விட்ட மாதிரி இருந்தது. காலையிலிருந்த கோபம் பாதி போய்விட்டது.

ஒரு தடவையோடு நிறுத்தியிருக்கலாம். நாம் யார்தான் நிறுத்தியிருக்கிறோம்? விளக்கும் மின்விசிறியும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு சாமான் வந்தது, மாமியார். படுக்கையில் உட்கார்ந்தபடி சாப்பிடச் சக்கரம் வைத்த குட்டி மேசை வந்தது, மாமியார். குடை மாதிரி மடங்கும் துணி உலர்த்தி, எந்த நாற்காலியிலும் முதுகுக்கு வைக்கும் மெத்தை, மரச்சட்டத்தில் துணி கட்டிய மடக்குத் திரை, எல்லாம் மாமியார்தான். படக்காரன் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேமரா ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அதற்குப் பிறகு அது அவர்கள் இரண்டு பேருக்கும் பேச்சுமொழி ஆகிவிட்டது. "அந்த மாமியார் சாமானை இப்படிக் கொடு" என்பாள் அவள். யாருக்கும் கேட்காது, யாருக்கும் வலிக்காது என்று நினைத்தாள்.

நேரம் கிடைக்கும்போது எல்லாவற்றுக்கும் அறை கண்டுபிடிப்பதாக இருந்தாள். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு நேரம் எங்கே கிடைக்கிறது?

கிடங்கில் கால் வைக்க இடமில்லாமல் போனது ஒரு சனிக்கிழமை. புதுச் சரக்கு வாசலில் வந்து நிற்கிறது, பழைய சரக்கு போகமாட்டேன் என்கிறது. முதலாளிக்குப் பொறுமை என்பது பிறந்தபோதே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்தபடி, மறைத்து வைத்திருந்த சரக்கு அத்தனைக்கும் 'கடையில் காட்டு' என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் அவள் படியேறும்போது படக்காரன் மாடிப்படி முக்கிலேயே நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. போனை நீட்டினான். கடையின் ஓரத்தில், அவள் பார்த்துப் பார்த்து அடுக்கிய அறைகளின் வரிசை தெரிந்தது. வரவேற்பறை. படுக்கையறை. சமையலறை. குளியலறை. மாமியார்.

யாரோ அதைப் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருந்தார்கள். கீழே கேலி கொட்டிக் கிடந்தது. 'இங்கே மாமியாரும் கிடைக்கும்' என்று ஒருவர். 'பிடிக்கலைன்னா திருப்பி எடுத்துப்பாங்களா?' என்று இன்னொருவர். 'எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு, எடுத்துட்டுப் போக ஆள் அனுப்புங்க' என்று ஒருவர். அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று மேலே ஏறினாள்.

முதலாளி படக்காரனைத்தான் முதலில் பிடித்தார். கிண்டல் பேர்வழி என்று பெயர் எடுத்தவன் அவன்தானே. அவன் வாயைத் திறக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் முன்னால் வந்தாள்.

"அவன் இல்ல சார். நான்தான் போட்டேன்."

"நீயா?" முதலாளிக்கு நம்ப முடியவில்லை. "கிளிப்பச்சைக்கே இடம் கொடுக்காதவ நீ."

"நான்தான் சார். இப்பவே எடுத்துடறேன்."

"எடுக்காதே!" என்றார் அவர். கோபம் போன வேகத்தில் ஒரு சந்தோஷம் வந்து உட்கார்ந்திருந்தது. "ஜனங்க பார்க்க வர்றாங்க, வந்தவங்க வேற சாமானும் வாங்கிட்டுப் போறாங்க. ஒரு வாரம் ஓடட்டும் விடு."

தப்பித்தோம் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அதை மறைத்து என்ன பயன்? வேலை போகவில்லை, திட்டுகூட விழவில்லை. நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டாள். அந்த மூச்சு முழுசாக வெளியே வருவதற்குள் கீழேயிருந்து பார்சல் கட்டுகிறவர் குரல் கொடுத்தார்.

"வடிகட்டியம்மா! இது உங்க வீட்டு விலாசம்தானே? நீங்களே எடுத்துட்டுப் போறீங்களா, இல்ல வண்டியில ஏத்தவா?"

இறங்கிப் போனாள். பழுப்புத் தாளில் சுற்றி, ஆள் உயரத்துக்கு ஒரு பார்சல் சுவரில் சாய்ந்து நின்றது. மடக்குத் திரை. ஒட்டியிருந்த சீட்டில் அவள் வீட்டு விலாசம். அதற்கு மேலே அத்தையின் பெயர்.

அந்தத் திரையை வேறு எந்த அறைக்குள்ளும் போய்க் கண்டுபிடிக்க முடியாது. அந்தச் சொல்லைத் தொட்டு, அதற்குள் போனால்தான் கிடைக்கும். அத்தை பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு, அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்து உள்ளேயும் போயிருக்கிறார்.

ஆனால் எதற்குத் திரை? அதை யோசித்தபோதுதான் அவளுக்கு உண்மையிலேயே வலித்தது. ஹாலில் கட்டில். ஒரு பக்கம் வாசல் கதவு, ஒரு பக்கம் சமையலறை, எதிரில் டிவி. துணி மாற்ற வேண்டுமானால் அத்தை குளியலறைக்குத்தான் போவார். ஈரத் தரையில் நின்று, உலர்ந்த துணி நனையாமல் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு மாற்றுவார். மத்தியானம் கண்ணயர்ந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். வந்த நாளிலிருந்து இது நடக்கிறது. அவள் தினமும் பார்க்கிறாள். பார்த்தும் இதுவரை ஒரு தடவைகூட அவளுக்கு உறைக்கவில்லை.

இதை வாங்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குக் கிளம்பப் போகிறாரோ? அந்த வீட்டில் இதைவிட மோசமான மூலையில்தானே படுக்க வேண்டியிருக்கும்?

மாடிக்கு ஓடினாள். கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் 'எந்த அறைக்கும்' என்று போட்டாள். ஒரு பொருளுக்கு ஓர் அறை என்று மல்லுக்கு நின்ற அவள் சட்டம் அன்றோடு போயிற்று.

"இத்தனை நாள் இது தோணலையா?" என்றான் படக்காரன்.

"தோணலை" என்றாள்.

பிறகு முதலாளி முன்னால் போய் நின்றாள். "எடுத்துட்டேன் சார்."

"ஒரு வாரம்தானே கேட்டேன்?"

"அது எங்க வீட்டுல இருக்கறவங்க சார். அவங்க பார்த்துட்டாங்க. என்னை வேலையை விட்டு அனுப்பினாலும் அனுப்புங்க, அந்த வார்த்தை திரும்ப வரக்கூடாது."

முதலாளி கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருடைய அம்மாவும் அந்தக் கடையில்தான் சாமான் வாங்குகிறவர். அது நினைவுக்கு வந்ததோ என்னவோ, பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார். "சரி சரி, போ. இன்னிக்கு உன் மூஞ்சியைப் பார்த்தா வேலை ஓடாது."

அந்த உயரத்துப் பார்சலைப் பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்றார் நடத்துநர். படக்காரன் ஸ்கூட்டரை எடுத்தான். பின்னால் உட்கார்ந்து திரையை நெட்டுக்குத்தாகக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். காற்று ஒரு பக்கம் தள்ள, வண்டி மறுபக்கம் போக, சிக்னலில் நின்றவர்களெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். அவளுக்கு வெட்கப்படக்கூட நேரமில்லை. லிஃப்ட் வழக்கம்போல் ஓடவில்லை. இரண்டு பேரும் மாடிப்படித் திருப்பத்துக்குத் திருப்பம் சுவரில் இடித்துக்கொண்டு ஏறினார்கள். கதவுக்கு முன்னால் அவனை அனுப்பிவிட்டாள்.

உள்ளே கட்டிலின்மேல் பெட்டி திறந்து கிடந்தது. இன்னொரு பெட்டி தரையில். துணிகள் மடித்து மடித்து அடுக்கியிருந்தன. மாமியார் திரும்பிப் பார்த்தார்.

"என்னம்மா இந்த நேரத்துல? உடம்பு சரியில்லையா?" பிறகு பார்சலைப் பார்த்தார். "அட, நீயேவா தூக்கிட்டு வந்தே? டெலிவரிக்காரர் வருவார்னுல்ல நெனச்சேன்."

"அத்தை, பார்த்தீங்களா?"

எதை என்று அவர் கேட்கவில்லை. "பார்த்தேன்" என்றார்.

அவள் பார்சலைச் சுவரில் சாய்க்கத் தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். மாமியார்தான் பேசினார். குரல் எப்போதும்போலத் தணிந்துதான் இருந்தது.

"மத்தியானம் எனக்கு வேற என்ன வேலை? தினமும் உன் கடையைத்தான் பார்ப்பேன். வாங்கறதுக்கு இல்ல. நீ அடுக்கினதெல்லாம் சரியா வருதான்னு தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். பச்சைன்னா பச்சைதான் வரும். எனக்கு அவ்வளவு பெருமையா இருக்கும். பக்கத்து வீட்டம்மாகிட்டகூடக் காட்டுவேன், எங்க மருமக வெச்ச ஒழுங்குன்னு. நேத்து நீங்கெல்லாம் வெளியில போயிருந்தப்ப மொதல்ல பார்த்ததே அவங்கதான். போனைத் தூக்கிட்டு வந்து காட்டினாங்க."

"ஐயோ அத்தை... என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? அவங்களோட சேர்ந்து நானும் சிரிச்சேன். அவங்க போனதும் அழுதேன்."

அவள் கட்டிலின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. "கோபத்துல போட்டேன் அத்தை. அன்னிக்குக் கத்தரிக்கோல் காணோம். பஸ் வேற போயிடுச்சு. ஏதோ ஆத்திரத்துல தட்டிட்டேன். அப்புறம் அதையே விளையாட்டாக்கிட்டேன். தப்புதான் அத்தை. பெரிய தப்பு."

"கத்தரிக்கோலா?" மாமியார் அவளையே பார்த்தார். "அதுக்கா?" எழுந்துபோய் டிவிக்குக் கீழே இருந்த சின்ன டப்பாவைத் திறந்தார். நூல், ஊசி, பொத்தான்களோடு கத்தரிக்கோல் படுத்திருந்தது. "குழந்தையோட யூனிஃபார்ம் விளிம்பு பிரிஞ்சிருந்தது, தைக்க எடுத்தேன். உனக்குன்னு அதுக்கு ஓர் இடம் இருக்கறது எனக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னாத்தானே?"

அவள் அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டாள். மாமியார் சிரிக்கவில்லை. மடித்த துணியொன்றை எடுத்து மறுபடியும் மடித்தார்.

"என்னை நேரா ரெண்டு வார்த்தை திட்டியிருந்தா இவ்வளவு வலிச்சிருக்காதும்மா. பெட்டியை எடுத்து வெச்சேன். தம்பிக்குப் போன் பண்ண நம்பரைக்கூட எடுத்துட்டேன். அப்புறம், அப்படி என்னதான் என் பேர்ல போட்டு வெச்சிருக்கான்னு உள்ள போய்ப் பார்த்தேன். உடைஞ்சது, உதவாதது, யாரும் சீண்டாதது இருக்கும்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "பார்த்தா எல்லாம் நல்ல பொருளுங்கதான். வைக்கத்தான் இடமில்ல."

அவள் கையை நீட்டி, அவர் மடித்துக்கொண்டிருந்த துணியை வாங்கிக்கொண்டாள்.

"இந்தத் திரையைப் பார்த்ததும் வார்டு ஞாபகம் வந்துடுச்சு. ஊர்ப்பட்ட பேருக்கு நான் தடுப்பு நகர்த்தியிருக்கேன். டாக்டர் வந்தாலும், துணி மாத்தினாலும், மனசு விட்டு அழணும்னாலும் கட்டிலைச் சுத்தி நிறுத்திடுவேன். எனக்கு ஒண்ணு வேணும்னு கேக்க மட்டும் கூச்சமா இருந்தது. உங்ககிட்ட இருக்கறதே இத்துனூண்டு இடம், அதுல நான் வேற வந்து நடுவுல சுவர் எழுப்பறதான்னு."

"இப்ப போறீங்களா அத்தை?" அவள் திறந்து கிடந்த பெட்டியைக் காட்டினாள். "போயிடாதீங்க."

"இன்னும் முடிவு பண்ணல" என்றார் மாமியார். அவர் பொய் சொல்லிப் பழகாதவர். "போறதுக்குத்தான் எடுத்தேன். அப்புறம் திரை வரட்டும்னு பார்த்தேன். திரை வந்தா துணியையெல்லாம் வெளியில எடுத்து வைக்கலாமா, இல்ல பெட்டியிலயே இருக்கட்டுமான்னு உன் முகத்தைப் பார்த்து முடிவு பண்ணலாம்னு இருந்தேன்."

அவள் எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹாலில் இருந்த கண்ணாடி அலமாரியைத் திறந்தாள். மகளின் கோப்பைகள், கல்யாண ஆல்பம், யாரும் எடுக்காத பீங்கான் தட்டுகள் எல்லாம் அவள் ஒழுங்கில் அப்பழுக்கில்லாமல் நின்றன. கீழ்த் தட்டுகளைக் காலி செய்தாள். எடுத்த சாமானை எங்கே வைப்பது என்று யோசிக்கவில்லை, தரையில் அடுக்கினாள். மாமியாரின் துணிகளைக் கைநிறைய அள்ளி உள்ளே வைத்தாள்.

"அப்படியில்ல, மேல இருக்கறது கசங்கும்" என்று மாமியார் பின்னாலேயே வந்து திருத்தினார்.

"உங்க தட்டு அத்தை. உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படி வைங்க."

திரையைப் பிரித்து நிறுத்துவதற்குள் இரண்டு பேருக்கும் வியர்த்துவிட்டது. கதவுப்பக்கம் மறைத்தால் வெளிச்சம் போனது. சமையலறைப்பக்கம் மறைத்தால் நடக்க வழியில்லை. டிவியைக் கொஞ்சம் தள்ளி, கட்டிலை ஒரு முழம் நகர்த்தி, கடைசியில் ஒருவழியாகச் சரியாக வந்தது. "ஜன்னல் என் பக்கம் இருக்கட்டும்" என்றார் மாமியார். அதுவரை அந்த வீட்டில் அவர் வாய்திறந்து தனக்கென்று எதையும் கேட்டதில்லை. காலிப் பெட்டிகளை அவளே நாற்காலி போட்டு ஏறிப் பரண்மேல் தள்ளினாள்.

சாயங்காலம் புருஷனும் மகளும் வந்தார்கள். வீட்டுக்குள்ள என்ன இன்னொரு வீடு என்று அவன் கேட்டான். உன் அம்மாவோடது, கேக்காம உள்ள போகாதே என்று அவள் சொன்னாள். அவன் அவள் முகத்தையும் தரையில் கிடந்த பீங்கான் தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு கைகழுவப் போனான். புத்திசாலி.

மகளுக்கு மறுபடியும் ஏதோ அட்டை வெட்ட வேண்டியிருந்தது. மருமகள் ஆணியைப் பார்த்தாள், காலி. கத்தரிக்கோல் எங்கே இருக்கிறது என்று இப்போது தெரியும். மாமியார் தன் தையல் டப்பாவையும் திரைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தார்.

திரைக்கு முன்னால் போய் நின்றாள். இத்தனை நாள் ஹால் முழுக்க இஷ்டம்போல் நடந்தவளுக்கு இப்போது எப்படிப் போவது என்று தெரியவில்லை. துணியைத் தட்டினால் சத்தம் வராது. விரல் முட்டியால் மரச்சட்டத்தை மெதுவாகத் தட்டினாள்.

"யாரு?"

"நான்தான் அத்தை. கத்தரிக்கோல் வேணும்."

உள்ளே கட்டில் லேசாகக் கிறீச்சிட்டது. டப்பா திறக்கும் சத்தம் கேட்டது.

"உள்ள வாம்மா" என்றார் மாமியார்.

அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதுவரை அவர் யாரையும் உள்ளே வா என்று கூப்பிட்டதில்லை.